ஒற்றைப்படை ஊசி

இலவசமாக யாராவது எதையாவது நீட்டினால் நான் பொருளைப் பார்க்க மாட்டேன், நீட்டுகிறவர் முகத்தைத்தான் பார்ப்பேன். கள்ளக்குறிச்சியில் ஒரு எலும்பு டாக்டர் முழங்கை வலிக்குக் காசு வாங்காமல் ஊசி போடுகிறார் என்று எங்கள் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த வேன் டிரைவர் சொன்னபோதும் அப்படித்தான். "எதுக்கு சும்மா போடறாரு?" என்று கேட்டேன்.

"வலி போனா போதாதாக்கா? எதுக்கு, ஏதுக்குன்னு கேட்டுக்கினு" என்றார் அவர்.

எனக்கு அது போதாது. ஊசி சும்மா வருகிறது என்றால் அதற்குப் பின்னால் யாரோ எதையோ எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று அர்த்தம். ஆனால் அன்று காலையில்தான் இட்லி மாவுப் பாத்திரம் என் கையிலிருந்து நழுவி, அவ்வளவு மாவும் சாக்கடைக்குப் போயிருந்தது. அதனால் டாக்டர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

கச்சிராயபாளையத்தில், அணைக்குப் போகிற ரோட்டோரம் எங்கள் கடை. காலையில் இட்லி, சாயங்காலம் பரோட்டா. மாவு பிசைவது நான், வீசிச் சுடுவது என் வீட்டுக்காரர். மூன்றாவது ஆள் கிடையாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இரண்டு பேரும் ஊர் ஊராகப் போய்க் கரும்பு வெட்டினோம். கரும்புச் சோகை உடம்பெல்லாம் கீறி, வெயிலில் வெந்து, அந்தப் பிழைப்பை விட்டுத் தொலைத்துவிட்டு வந்து போட்ட கடை இது. கடை நின்றால் மறுபடியும் அரிவாளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போக வேண்டியதுதான். அதற்கும் கை வேண்டுமே!

அந்தக் கைதான் மக்கர் செய்தது. முழங்கையின் வெளிப்பக்கம் ஒரு எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் அல்லவா, சரியாக அந்த இடத்தில் வலி. முதலில் எனக்கு வந்தது. ஈரத் துணியைப் பிழிந்தால் உயிர் போகும். கொஞ்ச நாளில் அவருக்கும் வந்தது. இரண்டு பேருக்கும் வலது கை. கடை நன்றாக ஓடுவதைப் பார்த்து யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று ஊரில் சொன்னார்கள். பூசணிக்காய் உடைத்தோம், எண்ணெய் தேய்த்தோம், பச்சிலைக் கட்டுப் போட்டோம். கட்டு நாறியதுதான் மிச்சம். இரண்டு கையில் ஒன்றாவது தேறினால்தான் கடை என்கிற நிலைமைக்கு வந்து நின்றோம்.

கள்ளக்குறிச்சிக்கு டவுன் பஸ்ஸில் போகும்போது வழி நெடுக நான்தான் பேசினேன். "சும்மா ஊசி போடறான்னா நம்பக் கூடாதுயா. நைனார்பாளையத்துல ஒருத்தனுக்கு இப்படித்தான் எவனோ ஊசி போட்டு கை சூம்பிப் போச்சாம். முருங்கக்கா மாதிரி ஆயிடுச்சாம். சோத்த எடுத்து வாயில வெக்க முடியலயாம்." இதில் பாதி நான் கேள்விப்பட்டது, மீதி பஸ் போகப் போக நானே சேர்த்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே கரும்பைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் அப்படித்தான். நான் பேசினால் காதில் விழுகிறதா இல்லையா என்றே தெரியாது.

டாக்டர் சின்ன வயசுக்காரர். முகத்தில் திருட்டுக் களை எதுவும் இல்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. என்னைக் கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். கத்திவிட்டேன். என் வீட்டுக்காரரையும் தூக்கச் சொன்னார். அவர் கத்தவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

"ரெண்டு பேருக்குமே டென்னிஸ் எல்போ" என்றார் டாக்டர்.

"சார், நாங்க அந்த ஆட்டத்த டிவியிலகூட நின்னு பாத்ததில்ல" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, பெயர்தான் அப்படி, கையை ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வேலை வாங்குகிற யாருக்கும் வரும் என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். முழங்கையில் போடுகிற மருந்து ஊசி ஒன்று இருக்கிறது. அதைச் சோதித்துப் பார்க்கிறார்கள். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்று போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது, போடுகிற அவருக்கும் தெரியாது. ஒரு வருஷம் கழித்துத்தான் பிரித்துப் பார்ப்பார்கள்.

"அந்த மருந்து இன்னா பண்ணும்னு உங்களுக்கே தெரியாதா சார்?"

"கொஞ்ச நாளைக்கு வலி குறையும்னு தெரியும்மா. ஒரு வருஷம் கழிச்சு கை எப்படி இருக்கும்னுதான் சரியாத் தெரியலை. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இவ்வளவும். உங்களுக்கு இஷ்டம் இல்லைன்னா வேண்டாம்."

வெளியே பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தோம். "பாத்தியா? எலிக்குப் பண்றத நமக்குப் பண்றாங்க. எந்திரிய்யா, வூட்டுக்குப் போலாம்" என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. "வந்தது வந்துட்டோம். இருடி" என்றார். நான் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஆனால் மனசு என்ன மனசோ! பாதிப் பேருக்கு மருந்து கிடைக்கும், பாதிப் பேருக்குக் கிடைக்காது என்று கேட்ட மாத்திரத்தில், அதுவரைக்கும் விஷம் மாதிரி தெரிந்த ஊசி எனக்கு வேண்டும் போல ஆகிவிட்டது. எவளோ ஒருத்தி மருந்தை வாங்கிக்கொண்டு போவாள், நான் மட்டும் தண்ணீரை ஏற்றிக்கொண்டு போவதா?

மேஜையில் ஒரு டப்பா இருந்தது. அதற்குள் கையை விட்டு ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருந்த பெண் நம் பெயரையும் சீட்டில் இருக்கிற நம்பரையும் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டு, சீட்டை நம்மிடமே திருப்பிக் கொடுத்தாள். ஊசி போடுகிற அறையில் அந்தச் சீட்டைக் காட்டினால் அந்த நம்பர் ஊசி. எனக்குப் பதினேழு வந்தது. அவருக்குப் பன்னிரண்டு.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் மொய் எழுதினால் ஐந்நூறு என்று யாராவது வைப்பார்களா? ஐந்நூற்று ஒன்று என்றுதான் வைப்பார்கள். நல்லதுக்கு ஒற்றைப்படை. டாக்டராக இருந்தாலும் அவரும் இந்த மண்ணில் மொய் எழுதியவர்தானே. "மருந்த ஒத்தப்படையிலதான் வெச்சிருப்பாங்க. எனக்குத்தான் மருந்து, உனக்குத் தண்ணி" என்று என் வீட்டுக்காரர் காதில் சொன்னேன். அவர் தன் சீட்டையும் என் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து எனக்குப் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. சீட்டைப் பர்சில் வைத்து, பர்சை அவர் மடியில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வருவதற்குள் நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டாள். பர்சை வாங்கிக்கொண்டு ஓடினேன். உள்ளே போய்ச் சீட்டை எடுத்து நீட்டினேன். நீட்டும்போதுதான் பார்த்தேன். பன்னிரண்டு.

"இது என்..." என்று வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் அதை வாங்கிக்கொண்டாள். ஊசியைச் சுற்றி வெள்ளை பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, உள்ளே இருப்பது என்ன நிறம் என்று பார்க்க வழியில்லை. டாக்டர் பஞ்சால் துடைத்தார், குத்தினார். முடிந்தது. நான் வெளியே வந்தேன், என் வீட்டுக்காரர் உள்ளே போனார். என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. சட்டைப் பையில் கை வைத்துக்கொண்டு போனார்.

என் சீட்டு அந்தப் பைக்குள் இருந்தது. எனக்குத் தெரியாதா?

ஏன் அப்போதே கேட்கவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். கேட்டால் இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அவர் இல்லை என்று சொல்லிவிட்டால், பிறகு எதை வைத்துக்கொண்டு நான் சண்டை போடுவது? தானாகச் சொல்லட்டும் என்று விட்டேன். பஸ்ஸில் சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. ராத்திரி சாப்பாட்டில் சொல்வார் என்று பார்த்தேன். ரசம் ஊற்றச் சொன்னார், அவ்வளவுதான்.

கைக்கு அதிகம் வேலை கொடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்ன ஒரு வாரமும் பரோட்டாக் கல்லைப் பற்றவைக்கவில்லை. இட்லியும் டீயும் மட்டும். மறு வாரம் கல் ஏறியது. அவர் மாவை எடுத்து வீசினார். இறக்கை மாதிரி விரிந்தது. எனக்குக் கை அப்படியே இருந்தது. பிசையும்போது பல்லைக் கடித்துக்கொண்டு பிசைந்தேன். அவருக்கோ சுத்தமாக வலி இல்லை. பத்து நாள் கழித்துக் கொத்துப் பரோட்டாவே போட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டு ரோட்டில் போகிற வண்டியெல்லாம் நின்றது. கடைக்கு நல்லது. கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது.

"உன் சீட்டு நம்பர் இன்னாயா?" என்று ஒரு நாள் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"அதெல்லாம் யாரு ஞாபகம் வெச்சிக்கினு இருக்கறது" என்றார், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

பொய்! வாடிக்கைக்காரர் போன மாசம் எத்தனை முட்டை சாப்பிட்டார் என்பது வரைக்கும் ஞாபகம் இருக்கிற மனுஷன். அன்றைக்கு முடிவு செய்தேன். இந்த ஆளோடு இத்தனை வருஷம் வெயிலில் கரும்பு வெட்டினேன். ஒரே தூக்குச் சட்டியில் இருந்து கஞ்சி குடித்தேன். நல்ல மருந்து ஒன்று வந்தபோது பெண்டாட்டி பர்சில் கை விட்டு எடுத்துக்கொண்டார். மற்றதையெல்லாம் மன்னிக்கலாம், இதை எப்படி மன்னிப்பது? எனக்குத் தெரிந்த தண்டனை ஒன்றுதான். அன்றிலிருந்து அவர் டீயில் சர்க்கரையைக் குறைத்தேன். ஊருக்கெல்லாம் இனிக்க இனிக்க டீ, அவருக்கு மட்டும் வெறும் சாயத்தண்ணீர். அவர் முகத்தைச் சுளிப்பார், குடிப்பார், ஒன்றும் கேட்க மாட்டார். கேட்காததே குற்றம் உறுத்துவதற்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்து அவருடைய பழைய சங்கதிகளையெல்லாம் கிளறினேன். பந்தியில் எனக்கு முன்னால் உட்கார்ந்தது, பஸ்ஸில் ஜன்னல் சீட்டைப் பிடித்தது எல்லாமே இந்தச் சீட்டோடு சேர்ந்து ஒரு கணக்காகத் தெரிந்தது. அவர் என்னை "கை எப்படி இருக்குது?" என்று கேட்டால்கூட, திருடியவன் பறிகொடுத்தவளை நலம் விசாரிப்பதாகவே காதில் விழுந்தது.

பொங்கல் முடிந்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். அவர் டீ டம்ளரை இடது கையால் எடுக்க ஆரம்பித்திருந்தார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் வலது கைக்கு மாற்றுவார். கொத்துப் பரோட்டா கேட்டால் "முட்ட இல்ல" என்று சொல்லிவிடுவார், முட்டை கூடை நிறைய இருக்கும். என் கையிலோ வேறு ஏதோ நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் பெட்ஷீட்டைத் துவைத்து, பிழிந்து, கொடியில் போட்டு முடித்த பிறகுதான் வலிக்கவே இல்லை என்பது புத்தியில் உறைத்தது. நம்பாமல் மறுபடியும் நனைத்துப் பிழிந்து பார்த்தேன். தண்ணீர் ஊசி போட்டுக்கொண்ட கை எப்படித் தேறும்? இதிலும் ஏதோ சூது இருக்கிறது என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை.

கோடையில் பக்கத்து மலைக்கு ஜனம் கூடும். மலை மேலே கரியாலூரில் தார்ப்பாய் கட்டி ஒரு வாரம் நாங்களும் கடை போடுவோம். அருவியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிற கூட்டத்துக்குச் சூடான பரோட்டாவைக் காட்டினால் போதும். அந்த ஒரு வாரம்தான் எங்களுக்கு வருஷத்தின் பெரிய வாரம். முதல் நாள் சாயங்காலம் கல்லைச் சுற்றி ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அவர் மாவை எடுத்தார். வீசினார். பாதியில் அவர் விரல்கள் விட்டுவிட்டன. மாவு பறந்து போய் முன்னால் நின்றவர் செருப்பின் மேல் விழுந்தது. யாரோ சிரித்தார்கள். அவர் இன்னொன்றை எடுத்தார். அதுவும் விழுந்தது. மூன்றாவதை எடுக்கக் கையே வரவில்லை. முழங்கையைப் பிடித்துக்கொண்டு கல்லைப் பார்த்தபடி நின்றார்.

நல்லா வேணும் என்று என் மனசு சொன்னது. சத்தியமாகச் சொன்னது. ஆனால் அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தேன். கரும்புக் காட்டில் பாம்பு கொத்தியபோதுகூட அப்படி வெளிறிப் போகவில்லை. "தள்ளுய்யா" என்று அவரை இடித்துத் தள்ளிவிட்டு நான் மாவை எடுத்தேன். முதல் பரோட்டா கிழிந்தது. இரண்டாவது இலங்கை வரைபடம் மாதிரி வந்தது. பசிக்கிறவர்கள் யாரும் வடிவம் பார்க்கவில்லை. கூட்டம் கலைகிற வரைக்கும் வீசினேன். என் கை வலிக்கவில்லை. ஒரு கை தேறியது, ஒரு கை போனது. இதுவும் எத்தனை நாளைக்கோ என்ற பயத்தில் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மழை தொடங்குகிற சமயம் டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். வருஷம் முடிந்துவிட்டது, பிரித்துப் பார்த்துவிட்டார்களாம். அதே பிளாஸ்டிக் நாற்காலி. நான் தூக்கினேன், தலைக்கு மேலேகூடத் தூக்கிக் காட்டினேன். என் வீட்டுக்காரர் பிடித்ததோடு சரி, நாற்காலி தரையை விட்டு எழும்பவில்லை.

டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "மத்தவங்க எல்லாருக்கும் பெரும்பாலும் ஒரே மாதிரி வந்திருக்கும்மா. மருந்து போட்டவங்களுக்குச் சீக்கிரம் வலி போயிடுச்சு, ஆனா நிறைய பேருக்குத் திரும்ப வந்துடுச்சு, முன்னைவிட மோசமாவும் வந்திருக்கு. உப்புத்தண்ணி போட்டவங்க மெதுமெதுவாத் தேறிட்டாங்க. நீங்க ரெண்டு பேர் மட்டும் தலைகீழா இருக்கீங்க. உங்களுக்குத்தான் மருந்து. ஐயாவுக்கு உப்புத்தண்ணி. எனக்குப் புரியவே இல்லை" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு வருஷமாக வாயில் அடக்கி வைத்திருந்தது அப்படியே கொட்டியது. "எனக்கு எங்க சார் மருந்து? நான் பாத்ரூம் போயிக்கினு இருந்தப்ப இந்த மனுஷன் என் பர்சுல கைய வுட்டு சீட்ட மாத்திக்கினாரு. மருந்து அவரு கைல இருக்குது. நல்லது தனக்கு வேணும்னு எடுத்துக்கினாரு சார், நல்லா எடுத்துக்கினாரு!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நிஜமாவா?" என்று அவரைக் கேட்டார்.

என் வீட்டுக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து என்னைத்தான் பார்த்துப் பேசினார், டாக்டரை அல்ல.

"நீதானடி பஸ்ஸுல சொல்லிக்கினே வந்த. கை சூம்பிப் பூடும்னு. முருங்கக்கா மாதிரி ஆயிடும்னு. அப்புறம் சாரும் சொல்லிட்டாரு, வருஷம் போனா இன்னா ஆவும்னு தெரியாதுன்னு. ஒத்தப்படை மருந்துன்னு நீயே சொன்ன. அத எப்படி உன் கைல ஏத்த வுடறது? தண்ணின்னா ஒண்ணியும் பண்ணாது. அதான் உனக்கு வெச்சேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாயா?"

"சொன்னா நீ வுடுவியா?"

நான் யாரையும் நம்பாதவள். அன்றைக்கு பஸ்ஸில் நான் சொன்னதையே நான் நம்பவில்லை, பெஞ்சில் உட்கார்ந்ததும் மறந்துவிட்டேன். ஒவ்வொரு வார்த்தையையும் நம்பியவர் அவர் ஒருவர்தான். டாக்டர் என்னென்னமோ சொன்னார். கைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், தினமும் இப்படி இப்படிப் பயிற்சி செய்ய வேண்டும், நாள் ஆகும், ஆனாலும் பெரும்பாலும் தேறிவிடும் என்று சொல்லி, தன் கையை நீட்டி மடக்கிக் காட்டினார். எங்கள் இரண்டு பேரையும் கணக்கில் என்ன செய்வது என்று பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். கேட்டுக்கொண்டேன். கண்ணீர் மறைத்ததால் சரியாகப் பார்க்க முடியவில்லை.

பஸ்ஸில் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். மடையன் என்றேன், கூறு கெட்ட மனுஷன் என்றேன், உன் கை போனா மட்டும் கடை ஓடுமா என்றேன். அவர் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுவிட்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடியிருந்தார். கச்சிராயபாளையம் வருகிற வரைக்கும் அந்தக் கையின் மேல் என் கையை வைக்கவா வேண்டாமா என்று யோசித்தேன். கூட்டமாக இருந்தது, வைக்கவில்லை.

கடையைத் திறந்ததும் அவர் பழக்கத்தில் மாவுச் சட்டியைத் தூக்கப் போனார். பிடுங்கி வைத்துவிட்டு, "ஒக்காருய்யா அங்க" என்றேன். அடுப்பைப் பற்றவைத்து முதல் டீ அவருக்குத்தான் போட்டேன். சர்க்கரை டப்பாவைத் திறந்து, மனசு வந்த அளவு அள்ளிப் போட்டுக் கலக்கிக் கொடுத்தேன்.

இடது கையால் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார். ஒரு வருஷமாக டீயைப் பற்றி ஒன்றுமே கேட்காதவர் அன்றைக்குக் கேட்டார்:

"இன்னாடி, சக்கர இவ்ளோ ஜாஸ்தி?"